எத்தனை தசமம் போதும்?

வீட்டில் திராட்சை ஒயின் போடுகிற புதுச்சேரி நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி: எந்தத் தராசு வாங்கலாம்? இணையக் கடைகளில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று ஐந்து கிலோ வரை தாங்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும். இன்னொன்று உள்ளங்கை அளவுதான். அரைக் கிலோவுக்கு மேல் ஏற்றினால் தாங்காது, ஆனால் கிராமில் நூறில் ஒரு பங்கையும் காட்டும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. “ரெண்டு தசமம் காட்டுறதுதான சார் நல்ல மெஷினு?” என்றார்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விபோலத்தான் இருக்கிறது. ஆனால் யோசிக்க ஆரம்பித்தால் அது வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரு விஷயத்தை எவ்வளவு சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்? யாருக்காக? நமக்காக மட்டும் என்றால் ஒரு பதிலும், இன்னொருவர் குடிக்கப்போகிறார் என்றால் வேறு பதிலும் உண்டா? உண்டு என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

(உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதை நம் கலால் சட்டங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் சில வீடுகளில் மூலையில் உட்காரும் பீங்கான் ஜாடி, பழக்கத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கிறது. அந்த வழக்கை இங்கே எடுக்கவில்லை. எடையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.)

முதலில் அந்த இரண்டு தசமத்தை எடுத்துக்கொள்வோம். திரையில் 12.47 என்று தெரிகிறது. அதில் கடைசி 7 எதைச் சொல்கிறது? தராசு அவ்வளவு நுட்பமாக எண்ணிச் சொல்கிறது என்பதை மட்டும்தான். அந்த எண் உண்மை என்பதற்கு அது சாட்சி அல்ல. டிஜிட்டல் தராசுக்குள் ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. எடை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. வளைவுக்கேற்ப மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கிராமாக மொழிபெயர்த்துத் திரையில் போடுகிறார்கள். மொழிபெயர்ப்பு பிழையாக இருந்தாலும் திரை தயங்காது. 12.47 என்று அடித்துச் சொல்லும். மனிதர்களிலும் இப்படிச் சிலர் உண்டு. எவ்வளவு விவரமாகப் பேசுகிறார்களோ அவ்வளவு நம்பிவிடுகிறோம்.

இன்னொரு பக்கம், ஜாடிக்குள் போகிற பொருள் அவ்வளவு துல்லியத்தைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் போடுவது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு கூடைக்கும் அடுத்த கூடைக்கும் இனிப்பு மாறும். மழைக்குப் பிறகு பறித்தால் நீர்த்திருக்கும். ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் வரும் என்பது பொதுக் கணக்கு. பத்து லிட்டர் ஜாடியில் சர்க்கரை பத்து கிராம் கூடினால் வித்தியாசம் ஒரு சதவீதத்தில் பதினேழில் ஒரு பங்குதான். எந்த நாக்கும் அதைக் கண்டுபிடிக்காது. பழமே அதைவிடப் பல மடங்கு ஆடிக்கொண்டிருக்கும்போது சர்க்கரையை நூறில் ஒரு கிராம் வரை நிறுப்பது, ஓடும் பேருந்தில் உட்கார்ந்து நூல் கோப்பதைப் போல. ஒவ்வொரு துறையிலும் அந்தப் பொருள் இடம் தருகிற அளவுக்கே துல்லியத்தைத் தேட வேண்டும், தச்சருக்கு வேண்டிய செங்கோணம் வேறு, கணித அறிஞருக்கு வேண்டியது வேறு என்று அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தார். அவர் பேசியது அறத்தைப் பற்றி. ஜாடிக்கும் அது பொருந்துகிறது.

அப்படியானால் தராசே வேண்டாமா? நண்பரின் அத்தை அப்படித்தான் சொல்வார். எழுபது தாண்டியவர். வீட்டில் எல்லாரும் அவர் ஒயினுக்காகத்தான் டிசம்பரை எதிர்பார்ப்பார்கள். எத்தனை கிராம் சர்க்கரை போடுறீங்க அத்தே என்று கேட்டால், “கிராமாவது ஒண்ணாவது! இந்த டம்ளர்ல நாலு. தலதட்டிப் போடணும், கோபுரமா அள்ளிக்கிட்டு வராத.” பழத்துக்கும் ஓர் ஏனம் இருக்கிறது, அதில் இத்தனை. தண்ணீருக்கும் அதே டம்ளர்தான். கோதுமை ஒரு கை, பட்டை ரெண்டு துண்டு, கிராம்பு எண்ணிப் பத்து.

இதைப் பழைய தலைமுறையின் குத்துமதிப்பு என்று தள்ளிவிட முடியாது. அந்த டம்ளர் கால் லிட்டர் பிடிக்கிறதா, 230 மில்லியா என்பது அவருக்குத் தேவையே இல்லை. எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் விகிதம் மாறாது. டம்ளர் தப்பாக இருந்தால் எல்லாமே ஒரே அளவுக்குத் தப்பாக இருக்கும். ஒயினுக்கு வேண்டியது விகிதம்தான். தராசுக்கும் இது பொருந்தும். நூறு கிராமை எப்போதும் 103 என்று காட்டுகிற தராசு, சொந்த ஜாடிக்கு நல்ல தராசு. இன்று 103, நாளை 97 என்று காட்டுவதுதான் ஆகாதது. ஆக, தராசுக்கு இரண்டு தனித்தனி குணங்கள் இருக்கின்றன. ஒன்று, சொன்னதையே திரும்பச் சொல்வது. இன்னொன்று, உண்மையைச் சொல்வது. முதலாவது மட்டும் இருந்தாலே ஒருவரால் நாற்பது வருடம் அருமையான ஒயின் போட முடியும்.

இப்படிப்பட்ட மனிதர்களையும் நாம் அறிவோம். தன் சொல்லுக்கு மாறாதவர், கொள்கையில் வழுவாதவர் என்று அவர்களைப் பாராட்டுகிறோம். அவர் எப்போதும் ஒரே மாதிரி நடக்கிறார் என்பதுதான் அந்தப் பாராட்டின் உள்ளடக்கம். சரியாக நடக்கிறார் என்பது அதில் அடங்கவில்லை. சாதி பார்ப்பதில் கடைசிவரை வழுவாத பெரியவர்களையும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

டம்ளரின் சிக்கல் அது வீட்டை விட்டு வெளியே போகும்போது தொடங்குகிறது. புதுச்சேரியில் 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் ஏராளம். பாரிஸில் அக்கா, காரைக்காலில் தம்பி என்பது இங்கே சாதாரணம். பாரிஸில் இருக்கும் அண்ணன் மகள் போனில் செய்முறை கேட்டால் அத்தை என்ன சொல்வார்? “அந்த டம்ளர்ல நாலு.” அந்த டம்ளர் இங்கே அடுப்படி அலமாரியில் இருக்கிறது. அத்தையின் நாற்பது வருட அறிவு முழுவதும் ஒரு பித்தளைப் பாத்திரத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. பொய்யான அறிவு அல்ல. இன்னொருவரிடம் போய்ச் சேர முடியாத அறிவு.

மெட்ரிக் முறை பிறந்த கதையும் இந்தச் சிக்கல்தான், ஒரு நாட்டின் அளவில். புரட்சிக்கு முந்தைய பிரான்சில் ஊருக்கு ஊர் தானிய அளவு மாறியது. 1789இல் மன்னருக்கு அனுப்பப்பட்ட குறைமனுக்களில் அளவைகளைப் பற்றிய புகார்கள் நிறைய. அளவை வைத்திருப்பவர் நிலப்பிரபு. வாங்கும்போது கோபுரமாக, கொடுக்கும்போது தலைதட்டி. அத்தை சொன்ன அதே இரண்டு வார்த்தைகள்தான் அங்கே ஒரு குடியானவனின் வயிற்றை நிர்ணயித்தன. நம் ஊர்ப் பண்ணைகளிலும் குத்தகை நெல்லை அளந்து வாங்க ஒரு மரக்கால், கூலி அளந்து போட ஒரு மரக்கால் என்ற புகார் பழையது. அந்தப் பண்ணையார் மரக்காலும் தன்னளவில் ஒழுங்கானதுதான். வருடா வருடம் ஒரே அளவுதான் பிடித்தது!

1795 ஏப்ரலில் வந்த பிரெஞ்சுச் சட்டம் கிராமைத் தண்ணீரை வைத்து வரையறுத்தது. ஒரு கன சென்டிமீட்டர் நீர், பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில். யாருடைய மரக்காலும் இல்லை, யாருடைய டம்ளரும் இல்லை. தண்ணீர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்பதுதான் அதன் அழகு. நம்மிடம் இந்த முறை வந்தது 1956இன் எடையளவுச் சட்டத்தால். 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக வீசையும் பலமும் கடைகளை விட்டுப் போயின. நாற்பது பலம் ஒரு வீசை, சுமாராக 1.4 கிலோ. இன்றும் சில வயதானவர்கள் வாயில் “வீசை” வரும், பெரும்பாலும் திட்டும்போது.

பொது அளவுக்கு ஒரு பெயர் வேண்டும், பெயருக்குப் பின்னால் யாரும் கேள்வி கேட்காத ஓர் அதிகாரம் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில், பொன் நகைகளை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். மணிகளை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேரு விடங்கன். இரண்டுமே இறைவன் பெயர்கள். கல்லில் கைவைத்தால் கடவுளிடம் கைவைத்ததாகும். எனக்கு அதைவிடப் பிடித்தது, பொன்னுக்கு ஒரு கல், மணிக்கு வேறு கல் என்று ஆயிரம் வருடம் முன்பே பிரித்து வைத்திருந்தார்கள் என்பது. ஐந்து கிலோ தராசா, அரைக் கிலோ தராசா என்ற நண்பரின் குழப்பம் அந்தப் பண்டாரத்தில் எழுந்திருக்காது.

நவீன உலகின் ஆடவல்லான், பாரிஸை ஒட்டிய செவ்ர் என்ற ஊரில் கண்ணாடிக் குடுவைக்குள் இருந்தது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உருளை. 1889 முதல் அதுதான் கிலோகிராம். அதன் நகல்களோடு ஒப்பிட்டபோது, நூறு வருடத்தில் சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு தெரிந்தது. நகல்கள் கனத்தனவா, மூலம் இளைத்ததா? கேள்விக்கே பொருள் இல்லை. சட்டப்படி அந்த உருளை இளைக்க முடியாது. அது எவ்வளவு இருக்கிறதோ அதுதான் ஒரு கிலோ. உலகம்தான் கனத்தது என்று சொல்லிக்கொள்ள வேண்டும். பாரிஸில் உள்ள மூல மீட்டரை ஒரு மீட்டர் நீளம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று விட்கென்ஸ்டைன் எழுதியது இந்த இடத்தில்தான் புரிகிறது. 2019 மே 20 முதல் உருளைக்கு ஓய்வு. இப்போது கிலோகிராம் பிளாங்க் மாறிலியின் வழியாக வரையறுக்கப்படுகிறது. எந்த அறையிலும் பூட்டி வைக்க முடியாத ஓர் எண்.

அதே விட்கென்ஸ்டைன் இன்னொரு மனிதரைப் பற்றியும் சொல்கிறார். காலை நாளிதழில் வந்த செய்தி உண்மைதானா என்று உறுதிசெய்ய, அதே நாளிதழில் இன்னும் சில பிரதிகள் வாங்கிப் பார்ப்பவர். தராசில் வைத்த சர்க்கரையை எடுத்து மறுபடி அதே தராசில் வைத்துப் பார்த்து, “சரியாத்தான் இருக்கு” என்பவர் செய்வதும் அதுவே. சோதனை வெளியிலிருந்து வரவேண்டும். புதுச்சேரிக்காரருக்கு அது கஷ்டமில்லை. 1795 சட்டத்தின் தண்ணீரே போதும். அளவு சரியாகக் குறித்த பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீரை ஊற்றி, பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டுப் பாருங்கள். நம் ஊர் 30 டிகிரி வெக்கையில் 996 கிராமை ஒட்டி வரவேண்டும். வெந்நீர் சற்றே லேசு, அதனால்தான் அந்த நான்கு கிராம் குறைகிறது. சின்னத் தராசுக்குச் சில்லறை இருக்கிறது. 2011இல் வந்த வரிசையின் பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம், ஐந்து ரூபாய் ஆறு கிராம். புதிதாக, தேயாததாகப் பார்த்து வையுங்கள்.

வெளிச் சோதனை இல்லாத கச்சிதம் எங்கே போய் நிற்கும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. 1825இல் ஜான் வாரன் என்பவர் ‘கால சங்கலித’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். அந்த வருடம் மே 31 இரவின் கிரகணம். தொடக்கம் நான்கு நிமிடப் பிழையில் வந்தது. மத்தியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். எழுத்தும் கருவியும் இல்லாமல் இவ்வளவு நெருங்கியது மலைக்க வைக்கிறது. அந்தக் கணிதர் சூத்திரங்களின் காரணம் அறியாதவர் என்கிறார் வாரன். ஒவ்வொரு அடியும் வழுவாமல் போட்டவர். ஆனால் எப்போதோ வகுத்த எண்களை வழுவாமல் சுமந்துவந்ததில் பிழையும் சேர்ந்தே வந்தது. அத்தையின் டம்ளருக்கு நாக்கு என்ற சோதனை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உண்டு, அதனால் அது தப்பித்தது.

சரி, நாக்கால் சோதிக்க முடியாத இடங்கள்? அங்கேதான் இரண்டாவது தராசு கட்டாயமாகிறது. இஞ்சிச் சோடா போல நுரைக்கிற பானம் போடுகிறவர்கள் கடைசியில் புட்டியில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மூடுவார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவாக்கும். லிட்டருக்கு ஆறேழு கிராம் போதும். அரை லிட்டர் புட்டிக்கு மூன்று கிராமை ஒட்டி. ஒரு கிராம் தராசில் மூன்று என்பது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். ஒரு புட்டியில் கூடிப்போனால், நம் மே மாத வெயிலில் அது வெடிக்கும். கண்ணாடி யார் முகத்தில் தெறிக்கும் என்று தெரியாது, பெரும்பாலும் குளிர்ப்பெட்டியைத் திறக்கிற பிள்ளையின் முகத்தில்தான். இதற்கு விவரமானவர்கள் தராசை மாற்றுவதில்லை, முறையை மாற்றுகிறார்கள். இருபது லிட்டருக்கும் சேர்த்து 130 கிராமை ஒரே தடவை நிறுத்துக் கரைத்துவிட்டால், ஒரு கிராம் தராசே போதும். முன்பே புளித்து முடிந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஒயின் கெடாமலிருக்கச் சிலர் சேர்க்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டுக்கு இந்த உபாயமும் கைகொடுக்காது. பத்து லிட்டருக்கே ஒரு கிராமுக்குள்தான் வேண்டியிருக்கும். பெரிய தராசு அந்த இடத்தில் தப்பாகச் சொல்வதில்லை, அதற்குக் கண்ணே தெரிவதில்லை. 0 என்று காட்டும், அல்லது 1 என்று. ஆஸ்துமா உள்ள சிலருக்கு சல்பைட் மூச்சை இறுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் புட்டியில் எழுதியே ஆகவேண்டும். குடிப்பவர் உங்களை நம்பி வாயில் வைக்கிறார். கோப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நண்பரிடம் நான் சொன்னது இதைத்தான்: ரெண்டு தசமம் உங்க சர்க்கரைக்கு வேண்டாம், விருந்தாளிக்கு வேண்டும்.

நம் சட்டமும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறது. 2009இன் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, விற்கப் பயன்படும் தராசைத் துறையினர் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். அடுப்படித் தராசுக்கு முத்திரை வேண்டாம். நீங்கள் உங்களுக்கு எப்படி நிறுத்துக்கொண்டாலும் அரசுக்குக் கவலையில்லை. கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத வணிகரைப் பட்டினப்பாலை புகழ்வதும், இருவருக்கு நடுவே எடை நடக்கும் இடத்தில்தான்.

ஆனால் தராசு சொல்லாத ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு என்று சொல்லும், எது என்று சொல்லாது. 2023 மே மாதம் புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மக்கள் செத்தது அளவு கூடியதால் அல்ல. தொழிற்சாலைக்குரிய மெத்தனால் சாராயமென்று ஊற்றப்பட்டது. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர். எத்தனை தசமம் காட்டுகிற தராசில் வைத்தாலும் அந்தத் திரவம் தன் எடையை ஒழுங்காகத்தான் காட்டியிருக்கும். கண்ணாலும் மூக்காலும் பிரித்தறிய முடியாத பொருள் அது. அங்கே குடித்தவருக்கும் அவர் குடித்ததற்கும் நடுவே இருந்தது விற்றவரின் சொல் ஒன்றுதான். திராட்சை ஜாடியையும் இதையும் ஒன்றாக வைப்பது நியாயமில்லை, ஜாடிக்குள் போனது என்ன என்று அத்தைக்குத் தெரியும். அந்தத் தெரிதலுக்குத் தராசு மாற்றாகாது என்பதற்காகச் சொன்னேன்.

கூபேர் மார்க்கெட்டில் இப்போது பெரும்பாலும் டிஜிட்டல் தராசுதான். தட்டுத் தராசு இருந்த காலத்தில் காய்த்தட்டு கொஞ்சம் தாழ்ந்து நின்றால்தான் வாங்குகிறவர் பையை நீட்டுவார். முள் நேராக நின்றால், “இன்னும் ஒண்ணு போடும்மா” என்பார்கள். இப்போது திரையில் 1.012 என்று வந்தால், சில கைகள் ஒரு தக்காளியை எடுத்துவிடுகின்றன. குறை சொல்ல முடியாது, கணக்கு கணக்குதான். ஆனால் பில் போட்டு முடித்து, பையை நீட்டும்போது, அந்தக் கையே திரும்பிப் போய் ஒரு கொத்து கறிவேப்பிலையையும் ரெண்டு பச்சை மிளகாயையும் எடுத்து உள்ளே போடுகிறது. அதைத் தராசில் வைப்பதில்லை. வைத்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கோபம் வரும்.